சீட் பெல்ட் கொக்கி

மாதிரி விமானப் போட்டியில் மேனேஜருக்குக் கால் தரையில் படவில்லை. இருக்காதா பின்னே? அவர் வைத்த கையளவு போர் விமானத்தில், நடுவரே பூதக்கண்ணாடியோடு சொக்கிப் போய் நின்றார்.

"ஈயத்தாள்ல சீட் பெல்ட்! முடி மாதிரி வயர்! எல்லாம் கையாலயா சார்?"

"பொறுமை வேணும் சார். இதோ என் சம்சாரம், ஊசியில நூல் கோக்கவே திணறுவா!"

சம்சாரம் சிரிக்கவில்லை.

"பெல்ட்ல ஒரு கொக்கி மட்டும் கழண்டிருக்கு. ஒட்டிட்டீங்கன்னா முதல் பரிசு உங்களுக்குத்தான்" என்றார் நடுவர்.

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. "கண்ணாடியை வீட்ல வெச்சிட்டேன். இவ ஒட்டட்டுமே?"

"செஞ்சவங்கதான் சார் ஒட்டணும். அதுதான் விதி."

அவள் கைப்பையிலிருந்து இடுக்கியை எடுத்தாள்.

"செஞ்சவதான் ஒட்டப் போறேன். முதல்ல அந்தப் போட்டி அட்டையில இருக்கிற இவர் பேரை அழிங்க சார்!"