மன்னாரிலிருந்து இரண்டு பேர்

வலது கரையோடு ஓடிய வாகீசன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினான். இடது கரையில் டிலக்ஷனும் அப்படியே ஆட்டினான். நடுவே பந்தோடு போன அருள்நேசன் இருவரையும் ஒருதரம் பார்த்தான். பார்த்துவிட்டு, வழக்கம்போலத் தானே அடித்தான்.

கோல்!

“அருள்நேசன்! மீண்டும் அருள்நேசன்!” ஒலிபெருக்கி அலறியது. “மன்னார் புயல்கள் இரண்டும் கையைத் தூக்கிக் கேட்டும் பந்தைக் கண்ணிலும் காட்டவில்லை, அன்பர்களே!”

“பந்தை வீட்டை கொண்டுபோய்ச் சோறு குழைச்சுக் குடடா!” என்று வேலியோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மைதானமே சிரித்தது. அதுவும் அவனுடைய சொந்த ஊர்க்காரர்தான்.

கொழும்புத்துறையில் அருள்நேசனிடம் எதைக் கேட்டாலும் தருவான். மோட்டார் சைக்கிளைத் தருவான். ஒருமுறை கலியாண வீட்டுக்குப் போகையில் போட்டிருந்த சேர்ட்டையே கழற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவன். பந்தை மட்டும் தரமாட்டான். அது அவன் காலில் பட்டால் பிறகு கோலுக்குள்ளே, அல்லது கடலேரிக்குள்ளே. போன வருடம் கடலேரிக்குத்தான் அதிகம் போனது.

இந்த வருடம் சுற்றுப்போட்டி தொடங்க முன்னர் பயிற்றுநர் செபமாலை மாஸ்டர் கழகத்துக்கு வந்து, “மன்னாரிலையிருந்து ரெண்டு பொடியள் வருகினம்” என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். மன்னார் என்றால் பந்துக்குப் பேர்போன ஊர்; மிச்சத்தை ஊரே சொல்லி முடித்துக்கொண்டது.

இருவரும் போட்டி நாட்களில் மட்டும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். காற்றாய்ப் பறந்தார்கள். எதிரணிகள் பயந்துபோய் ஆளுக்கு இரண்டு பேரைக் காவல் விட்டன. மூன்று ஆட்டங்களில் அருள்நேசன் ஒன்பது கோல் அடித்தான்.

“மன்னார்ப் பொடியள் வந்தாப்பிறகுதானே உவன் கோல் அடிக்கிறான்,” என்றது ஊர்.

அதுதான் அருள்நேசனுக்குப் பொறுக்கவில்லை. “மாஸ்டர், உவங்கள் இன்னும் பந்திலை காலே வைக்கேல்லை. பிறகெப்பிடி உவங்களாலை?”

“ஓமடா, எல்லாம் உன்ரை கெட்டித்தனந்தான்,” என்றார் மாஸ்டர். “நீ இப்பிடியே இரு, ராசா. மாறிப்போடாதை.”

இன்றைக்கு இறுதிப் போட்டி. ஐந்து வருடமாகக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போகிற அச்சுவேலிக்காரர்தான் எதிரே.

இடைவேளை வரை அருள்நேசன் அடித்த அந்த ஒரு கோல்தான். அப்போது அவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வாகீசன்தான் ஓடிவந்து, புல்லில் குந்தி, காலை மடியில் வைத்து உருவிவிட்டான்.

“நோகுதே அண்ணை? நீங்கள் நிண்டால்தான் எங்களுக்குக் கிண்ணம்.”

அவன் முகத்தில் துளி கோபம் இல்லை. நான்காவது ஆட்டம். இவ்வளவு ஓட்டம் ஓடியும் பந்து ஒருதரம்கூடக் கிடைக்கவில்லை. ஏன் தரேல்லை என்று ஒரு சொல் கேட்கவும் இல்லை. ‘இவன்ரை இடத்திலை நான் நிண்டிருந்தால் இந்நேரம் ஆளைக் கடிச்சிருப்பன்,’ என்று நினைத்தபோது அருள்நேசனுக்குத் தன்மீதே வெட்கமாகிவிட்டது.

வாகீசன் கோல் அடித்தால் ஊர் சொன்னது சரியென்று ஆகிவிடும். ஆகட்டும். ஒரு பந்து, ஒரேயொரு பந்து, இந்தப் பிள்ளைக்குக் கொடுத்தே தீருவது என்று முடிவெடுத்தான்.

இரண்டாவது பாதியில் அச்சுவேலி ஒரு கோலைத் திருப்பியது. ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடம். பந்து அருள்நேசனிடம்.

அச்சுவேலிக்காரருக்கு இப்போதுதான் உண்மை உறைத்திருந்தது: உவன் எப்படியும் யாருக்கும் கொடுக்கமாட்டான். காவல் நின்ற நால்வரும் மன்னார்க்காரரை விட்டுவிட்டு அவனைச் சூழ்ந்தார்கள். கோல் காப்பாளனும் கம்பத்தை விட்டு அவனை நோக்கி ஓடிவந்தான். வலப்பக்கம் வாகீசன் தனியே. அவனுக்கு முன்னால் ஆளில்லாத கோல்.

“டேய், குடடா! கிண்ணம் போகுதடா!” ஊர் முழுவதும் வேலியில் ஏறி நின்று கத்தியது. செபமாலை மாஸ்டர் மட்டும் தலையில் கைவைத்தபடி நிலத்தில் குந்திவிட்டார்.

பந்து விளையாடத் தொடங்கிய பதினேழு வருடத்தில் முதல்முறையாக அருள்நேசன் பக்கவாட்டில் திரும்பினான். “இந்தா தம்பி, உனக்குத்தான்!” என்று காலை ஓங்கினான்.

தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்த வாகீசனின் கைகள் சட்டென்று இறங்கி நெஞ்சுக்கு நேரே கும்பிட்டன.

“ஐயோ அண்ணை, தந்திடாதேங்கோ! எங்கள் ரெண்டு பேருக்கும் ஓட மட்டுந்தான் தெரியும்!”