வீடு பூட்டியிருந்தது

மரகதவல்லி வீட்டில் நெட் செத்து மூன்று நாளாகிறது. அறைக்கொன்றாக வைத்திருந்த நான்கு வைஃபை டப்பாக்களும் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு, ஒன்றையொன்று தெரியாதது போல உட்கார்ந்திருந்தன. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கம்பெனிக்குச் சொல்வதும் அவற்றின் வேலைதான். அவை வாயை மூடிக்கொண்டதால், மூன்று நாளாக மரகதவல்லி வீட்டில் இல்லை.

நாலாவது புகாருக்கு டெக்னீஷியன் பாண்டித்துரை வந்தான். வாசற்படியைத் தாண்டாமல் கையிலிருந்த கருவியைப் பார்த்தான்.

“வீட்ல ஆள் இல்லைன்னு காட்டுதும்மா. ஆளில்லாத வீட்டுக்குள்ள நாங்க வரக்கூடாது.”

“அப்ப நான் யாரு தம்பி, காலண்டர் படமா?”

“எனக்குத் தெரியுதும்மா. சிஸ்டத்துக்குத் தெரியணுமே.”

ஃபைபர் வயர் பெரிய டப்பாவிலிருந்து கழன்று தொங்குவது வாசலிலிருந்தே தெரிந்தது.

“நானே சொருகிடட்டுமா?” என்றாள்.

“ஐயையோ! நீங்க இல்லாத நேரத்துல யாரும் அதைத் தொடக்கூடாதும்மா.”

இவ்வளவு தூரம் வந்த பிள்ளையைச் சும்மா அனுப்ப மனசு வராமல் குழாய் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் காபி போட்டுக் கொடுத்தாள். நின்றபடியே ரசித்துக் குடித்துக்கொண்டு, ‘வீடு பூட்டியிருந்தது’ என்று பதிவு செய்தான்.

உடனே கருவி அலறியது. அவன் வாய்விட்டுப் படித்தான்: “கேஸ் கம்பெனி தகவல்: ஆளில்லாத வீட்டில் மீட்டர் ஓடியிருக்கிறது. யாரோ புகுந்திருக்கிறார்கள். போலீஸ் வந்துகொண்டிருக்கிறது.”

“வரட்டும்” என்றாள் மரகதவல்லி. “காபி யார் போட்டுக் குடுத்ததுன்னு நீங்களே சாட்சி சொல்லுங்க தம்பி.”

பாண்டித்துரை டம்ளரைச் சட்டையால் அழுத்தித் துடைத்து, விரல் படாமல் வாசற்படியில் வைத்துவிட்டுப் படியிறங்கினான்.