ஒரே மத்தியானத்தில் உருண்ட பிள்ளை

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே, வெயில் விழும் பெஞ்சில் உட்கார்ந்து அப்பன் தன் செல்போன் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருக்கிறான். எவ்வளவு பதமான கை! உள்ளே அவனுடைய இரண்டு மாதப் பிள்ளை குழாய்களுக்கு நடுவே கண்மூடிக் கிடக்கிறது. “மூளையில ரத்தம் கசிஞ்சிருக்கு. அழுகையை நிறுத்தலைன்னு யாராவது புடிச்சு உலுக்கினீங்களா?” என்று டாக்டர் கேட்கிறார். அப்பனுக்கு வாய் எதற்கு? அவனைப் பெற்றவள் இருக்கிறாளே. “ஐயோ, என் பையன் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்க மாட்டான். பேரன்தான் படு சுட்டி சார். சோபாவுலேருந்து தானா உருண்டு விழுந்துட்டான்.” சித்தப்பன் ஆமாம் என்று தலையாட்டுகிறான். அத்தை காய்ந்த கண்ணைத் துடைக்கிறாள். ஒரே மத்தியானத்தில் பிள்ளைக்கு உருளக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். விட்டால் மாடிப்படியும் ஏற வைப்பார்கள். வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்த தாய், கடைச் சீருடையோடு சுவரில் ஒட்டி நிற்கிறாள். மாமியார் அவள் முழங்கையைக் கிள்ளுகிறாள். “நீயும் சொல்லேன்டி, எப்படி உருளுவான்னு.” அவள் அந்தக் கையை உதறிவிட்டு டாக்டரைப் பார்க்கிறாள். “என் புள்ளைக்கு இன்னும் தலையே நிக்கலை சார். அவன் எங்க சார் உருள்றது?”