பேர் கூப்பிடும் நேரம்

"ராப்பகலா உழைச்சது நான். நாற்காலி சிமென்ட் சாருக்கா?"

திட்ட மேலாளர் பொருமிக்கொண்டே சீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

வீடு கட்டி விற்றுக்கொண்டிருந்த கம்பெனி, இனி மின்கோபுரம், துணைமின் நிலையம் என்று பெரிதாக இறங்கப் போகிறது. அந்த வளர்ச்சித் திட்டம் முழுக்க அவள் போட்டது. புதுப் பிரிவுக்கு அவள்தான் தலைமை என்று ஆபீஸே பேசியது.

இப்போது பார்த்தால், வீடு கட்டும் பிரிவின் பழைய இன்ஜினீயர், எல்லாரும் சிமென்ட் சார் என்று கூப்பிடுபவர், முதலாளி அறையிலிருந்து வாயெல்லாம் பல்லாக வருகிறார். "நான் போறேம்மா, கோபுர வேலைக்கு!"

"இத்தனை வருஷமா வீடு கட்டினவருக்குக் கரண்டைப் பத்தி என்ன தெரியும்?"

"தொட்டா ஷாக்கடிக்கும்னு தெரியும்" என்றான் பக்கத்து சீட்டுக்காரன்.

"காலையில மீட்டிங்ல கேட்டாரே ஒரு கேள்வி!"

அவள் திட்டத்தில் ஒரு விதி இருந்தது. கம்பியில் மின்சாரம் விடும் முன், கோபுரத்தில் ஏறிய ஒவ்வொருவர் பேரையும் கூப்பிட வேண்டும். எல்லாரும் "இருக்கேன்" என்று குரல் கொடுத்த பிறகுதான் சுவிட்சில் கை வைக்கலாம்.

"கீழே நிக்கிறவங்க பேரையும் கூப்பிடுவீங்களாம்மா?" என்று கேட்டார் சிமென்ட் சார். கூட்டமே சிரித்தது.

போன் அடித்தது. அம்மா. சாப்பிட்டியா, எப்போ வருவேன்னு அதே கேள்வியாகத்தான் இருக்கும். எடுக்காமலே கட் செய்துவிட்டு, விறுவிறுவென்று முதலாளி அறைக்குப் போனாள்.

"சார், புதுப் பிரிவை அவர்கிட்ட கொடுத்தது நியாயமா?"

"யாரும்மா கொடுத்தா? பிரிவு உன்னோடதுதான். அவர் உனக்குக் கீழே, சைட்டுல அஸ்திவாரம் போடப் போறார். தகரக் கொட்டகையில பத்துப் பேரோட படுக்கணும்."

"இந்த வயசுலயா? சம்பளம் கூடக் கேட்டிருப்பார்."

"நானே கூட்டித் தரேன்னேன். வேண்டாம்னுட்டார்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவர் வீட்டம்மா சாமிகிட்டப் போய்ச் சேர்ந்ததிலேருந்து அந்த வீட்டுல அவர் ஒத்தை ஆள்மா. என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். 'பேர் கூப்பிடறப்போ என் பேரையும் சேர்த்துக் கூப்பிடச் சொல்லுங்க சார். நான் இருக்கேனா இல்லையான்னு பார்க்க வீட்டுல ஆளில்லை'ன்னார்."

அவள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

போன் மறுபடி அடித்தது. அம்மாதான். இந்தத் தடவை எடுத்தாள்.

"இருக்கேம்மா" என்றாள்.