ஜெலுத்தோங் பட்டு

ஜெலுத்தோங் தறிக்கூடத்து வாசலில் பட்டுப் பொதிகளைக் குவித்தார்கள் சீன இளைஞர்கள். ஜப்பான் சீனாமேல் படையெடுத்த வருஷம் அது; ஜப்பான் சரக்கை எரிக்கவேண்டும் என்று பினாங்கே கொதித்துக்கொண்டிருந்தது.

"இது ஜப்பான் பட்டு இல்லலா தம்பி. இங்கேயே நெய்தது," என்று முதலாளி மீரா லெப்பை மலாயில் கெஞ்சினார்.

நெசவாளி சிங்காரம் குறுக்கே விழுந்தான். "என் கையால நெய்ததுங்க. எரிச்சா எங்க குடும்பமெல்லாம் பட்டினிதான்."

கூட்டத்தின் தலைவன் ஒரு துணியை விரித்து ஓரத்தைக் காட்டினான். ஜப்பானில் தயாரித்தது என்று முத்திரை இருந்தது.

"அப்போ இதைக் குத்துனது யாரு?"

சிங்காரம் முதலாளியைப் பார்த்தான்.

மீரா லெப்பை மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான் குத்தினேன். ஜப்பான் பட்டுன்னு சொன்னாத்தான் பணக்காரங்க கூடுதல் விலைக்கு வாங்குறாங்க."

யாரும் நம்பவில்லை. தலைவன் தீக்குச்சியைக் கிழித்தான்.