நடுவிரலின் இடம்

மர மில்லில் ரம்பம் என் கணவரின் வலது நடுவிரலைத் தின்ற அன்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். இனி அறைந்தால் வலி குறையும் என்று ஒரு நப்பாசை. குறையவில்லை. கன்னத்தில் பதியும் தடத்தில் நடுவே ஓர் இடைவெளி விழுந்தது, அவ்வளவுதான்.

"பொண்டாட்டி மேல கை நீட்டாதவன் ஆம்பளையா?" என்பார்.

அவர் செத்தபோது மகனுக்கு ஒரு வயது.

இன்று காலை மருமகள் உதடு கிழிந்து சமையலறைக்கு வந்தாள். கன்னத்தில் விரல் தடம். நடுவே அதே இடைவெளி.

"யாரும்மா அடிச்சது?"

"உங்க புள்ளதான் அத்தை. வேற யாரு?"

காபி கேட்டு வந்தவனின் வலது கையை இழுத்து மேடையில் விரித்து எண்ணினேன். ஐந்து விரலும் இருந்தன.

"என்னம்மா பாக்குற? பொண்டாட்டி மேல கை நீட்டாதவன் ஆம்பளையா?"

ஒரு விரல் போனால் போதாது என்று எனக்குத்தான் தெரியுமே. காய் நறுக்கிய கத்தி இன்னொரு கையில் இருந்தது.