கம்மல் தண்டு

முரளிதரன் குளிக்கப் போனதும் அவர் மனைவி சுகந்தி இடது காதுக் கம்மலைக் கழற்றுவாள். கம்மல் தண்டால் அவருடைய போனின் ஓரத் துளையில் அழுத்தினால் சிம் வெளியே வரும். அதன் முதுகில் அவள் நகப்பூச்சால் வைத்த சிவப்புப் பொட்டு இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால் அவர் வேறு சிம் எதையும் மாற்றிப் போடவில்லை. அதைப் பார்க்காமல் அவளுக்குக் காப்பி இறங்காது.

ஒருநாள் அவர் புதுப் போனோடு வந்தார்.

"இதுல சிம் கார்டே கிடையாது. எல்லாம் உள்ளயே இருக்கு."

"எத்தனை நம்பர் இருக்கும் உள்ள?"

"ஒண்ணுதான்."

அவர் பதில் சொன்ன வேகம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் அவர் குளிக்கப் போனதும் போனைத் திருப்பித் திருப்பித் தடவினாள். கீழ் விளிம்பில் ஒரு பொடித் துளை அகப்பட்டது. கம்மலை வைத்துப் பலமாக அழுத்தினாள். உள்ளே ஏதோ நெரிந்தது. எதுவும் வெளியே வரவில்லை.

அப்போது போன் அடித்தது. பெயரில்லாத எண். எடுத்து, "ஹலோ, யாரு?" என்றாள். கத்தியும் கேட்டாள். நெரிந்தது மைக்; அவள் குரல் அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை.

"ஏன் பேச மாட்டேங்கறீங்க?" என்றது ஒரு பெண்குரல். பிறகு தணிந்தது. "அவங்க பக்கத்துல இருக்காங்களா? இருந்தா கட் பண்ணிடுங்க, நான் புரிஞ்சுக்கறேன்."

குளியலறையில் தண்ணீர் மொள்ளும் சத்தம் நின்றது.

சுகந்தி கட் பண்ணவில்லை. கம்மலில்லாத காதோடு போனை அழுத்திக்கொண்டாள்.